பெல் 103, வி.21: இரண்டும் 300 பிட்தான், ஆனால் சுருதி வேறு

பெல் 103, வி.21 இரண்டுமே நொடிக்கு 300 பிட் மோடம்கள்தானே, பிறகு ஏன் ஒன்றோடொன்று பேசாது, எது மேல் என்று கேட்டிருக்கிறீர்கள். (மோடம் என்பது கணினியின் பிட்டுகளை ஒலியாக்கிப் போன் லைனில் அனுப்பும் கருவி. பெல் 103 அமெரிக்க முறை, வி.21 சர்வதேச முறை.) 1988இல் சிங்கப்பூரில், தோ பாயோ வீட்டில் இதே கேள்வியோடு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

கப்பலில் வேலை பார்த்த மாமா அமெரிக்காவில் வாங்கிய பழைய பெல் 103 மோடம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஈசூனில் நண்பனிடம் இருந்தது வி.21. நான் அழைப்பேன், மணி அடிக்கும், அந்தப் பக்கம் கீச்சென்று எடுக்கும். என் மோடத்தில் கேரியர் விளக்கு (எதிர்முனை மோடத்தின் ஒலி கேட்டால் எரிவது) ஒரு கணம் மினுக்கிவிட்டு அணைந்துவிடும். நான் போன் லைனைத் திட்டினேன். அம்மா, "முதல்ல போனை வைடா, பெரியம்மா கூப்பிடுவாங்க" என்று என்னைத் திட்டினார்.

சுருதி சேராததுதான் காரணம். இரண்டு முறையிலும் 0க்கு ஒரு ஒலி, 1க்கு ஒரு ஒலி. ஆனால் 1962இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஏடி அண்ட் டி கொண்டுவந்த பெல் 103இல் அழைக்கும் பக்கம் 1070, 1270 ஹெர்ட்ஸ். எடுக்கும் பக்கம் 2025, 2225. வி.21இல் அழைப்பவருக்கு 980, 1180. எடுப்பவருக்கு 1650, 1850. என் மோடம் 2000க்கு மேலே காதை வைத்துக் காத்திருக்க, நண்பனுடையது 1650இல் கத்திக்கொண்டிருந்தது. சரி, விளக்கு ஏன் மினுக்கியது? வி.21 மோடம் எடுத்தவுடன் முதலில் 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஒலி அனுப்பும். அது 2025க்கும் 2225க்கும் நடுவே விழுகிறது. என் மோடம் அதை நம்பி ஏமாந்திருக்கிறது. போதாக்குறைக்கு, பெல்லில் உயர்ந்த ஒலிதான் 1, வி.21இல் தாழ்ந்த ஒலிதான் 1!

ஆக 300இல் மேல் கீழ் எதுவும் இல்லை. எதிர்முனையில் என்ன இருக்கிறதோ அதுதான் நல்லது.

1200 பிட்டுக்கு வந்தபோது சண்டை பாதி தீர்ந்தது. பெல் 212ஏ, வி.22 இரண்டுக்கும் கேரியர், அதாவது தகவலைச் சுமக்கும் ஒலி, 1200, 2400 ஹெர்ட்ஸ்தான். நொடிக்கு 600 மாற்றம், ஒவ்வொன்றிலும் 2 பிட். (நொடிக்கு எத்தனை மாற்றம் என்பதுதான் பாட். இங்கே பாட் 600, பிட் 1200. இரண்டையும் ஒன்றென்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.) மிச்சமிருந்த தகராறு, எடுத்ததும் வரும் ஒலி 2225ஆ 2100ஆ என்பதும், வி.22இல் கூடவே வரக்கூடிய 1800 ஹெர்ட்ஸ் காவல் ஒலியும்தான். பிரிட்டனில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் 2280இல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தன. மோடத்தின் சத்தத்தை அவை தங்கள் சமிக்ஞை என்று நினைத்துவிடாமல் இருக்கத்தான் அந்தக் காவல்.

எனக்குப் பிடித்தது வி.22பிஸ். அதே 600 மாற்றத்தில் 4 பிட்டைத் திணித்து 2400 ஆக்கினார்கள், பெல்லுக்கென்று தனி முறை தேவைப்படவில்லை. சிம் லிம் டவரில் அப்படி ஒன்றை வாங்கிய அன்றே மாமாவின் மோடம் பரணுக்குப் போய்விட்டது.

வி.21 மட்டும் சாகவில்லை. ஃபேக்ஸ் அழைப்பின் தொடக்கத்தில் இரண்டு இயந்திரங்களும் வேகத்தைப் பேசி முடிவுசெய்வது இன்றும் அதே 1650, 1850 ஹெர்ட்ஸில், 300 பிட்டில்தான்.