கையால் செய்த தோல் பெல்ட் சில மாதங்களில் நீண்டுவிடுவது ஏன்?

நீங்கள் செய்த பெல்ட் நீண்டு, துளைகளும் இழுபட்டுவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குறை தையலில் இல்லை. தோலை எந்தப் பகுதியிலிருந்து வெட்டினோம் என்பதில்தான் இருக்கிறது. மாட்டுத்தோலில் வயிற்றுப் பகுதியின் நார்கள் தளர்வானவை என்பதால், அங்கிருந்து எடுத்த பட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் நாளடைவில் நீளும். முதுகெலும்பை ஒட்டி, அதற்கு இணையாக வெட்டிய பட்டையே நிலைத்து நிற்கும். குரோம் முறையில், அதாவது குரோமிய உப்புகளால், பதனிட்ட மென்தோலைவிட, தாவரப் பட்டைகளால் பதனிட்ட தோல் இதற்கு ஏற்றது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் நம் ஊர்ப் பதனீட்டில் நெடுங்காலம் பயன்பட்டவையே.

ஒற்றை அடுக்கு பெல்ட்டுக்கு 3.5 முதல் 4 மில்லிமீட்டர் கனம் வேண்டும். நீளத்தைக் கால்சட்டை அளவை நம்பித் தீர்மானிக்காதீர்கள். பழைய பெல்ட்டில் பக்கிளுக்காகத் தோல் மடியும் இடத்திலிருந்து வழக்கமாகப் பூட்டும் துளை வரை அளந்து, அந்தத் துளை ஐந்தில் நடுவாக வருமாறு 25 மில்லிமீட்டர் இடைவெளியில் குறியுங்கள். துளைகளை ஆணியால் குத்தாமல், வட்டத் துளைப்பானால் வெட்டி எடுங்கள். குத்திய துளை கிழியும். பக்கிளுக்காக மடிக்கும் பகுதியின் உட்புறத்தைப் பாதிக் கனமாகச் சீவிவிட்டால் மடிப்பு புடைக்காது.

விளிம்பை மெருகேற்றுவதில் மட்டும் அவசரப்படவே கூடாது: விளிம்பின் கூரான ஓரங்களைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, சிறிதளவு நீர் தடவி, விளிம்பு பளபளக்கும் வரை மரக்கட்டையால் விடாமல் உரசுங்கள்.