நான்கு மணி நேரத்தில் தஞ்சாவூரில் எதைப் பார்ப்பது?

கேள்வி: தஞ்சாவூர் ஜங்ஷனில் இறங்குகிறேன், அடுத்த ரயிலுக்கு நான்கு மணி நேரம் இருக்கிறது. ஊரைப் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஆனால் ஊர் முழுவதையும் சுற்ற நினைக்காதீர்கள். பெரிய கோயில் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம்தான். நண்பகலில் சந்நிதி நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். அதனால் காலையிலோ மாலையிலோ போகும்படி பாருங்கள். உச்சி வெயிலில் வெறுங்காலோடு அந்தக் கல்தரை, சொல்லவே வேண்டாம்.

கருவறைக்கு மேலே உயர்ந்து நிற்கும் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது கதை விடுவார்கள். நன்றாகவே விழும். அதைவிட அடிப்பீடத்துக் கல்வெட்டுகளைக் கவனியுங்கள். 1010இல் முடிந்த கோயில் இது. 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்' என்று ராஜராஜன் தன் அக்கா குந்தவையின் கொடைகளையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார். கோயிலில் பணிபுரிந்த நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும், அவர்கள் குடியிருந்த தெருவும் வீடும்கூடக் கல்வெட்டில் உண்டு. வாசலில் இருக்கும் பெரிய நந்தி மட்டும் நாயக்கர் காலத்தது.

அப்புறம் நேரம் மிஞ்சினால் அரண்மனை. அங்குள்ள சரஸ்வதி மகால் நூலகத்தை விட்டுவிட்டு நேராகக் கலைக்கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், அங்கே இருக்கிறார். 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. சாய்ந்து நிற்க வேண்டிய காளை இல்லை, இருந்தும் கையின் வளைவைப் பார்த்தாலே காளை கண்ணுக்குத் தெரியும். கும்பகோணம், தாராசுரத்துக்கெல்லாம் இந்த நேரம் போதாது. ரயிலுக்கு அரைமணி முன்னதாக ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுங்கள்.