பீச் பிசினில் கொலாஜென் இருக்கிறதா?

கேள்வி: மலேசியாவின் ஈப்போவில் ஒரு சீன மருந்துக்கடையில் ‘காட்டு மலைப் பீச் பிசின்’ என்று தேன் நிறக் கட்டிகளை விற்கிறார்கள். சாதாரணப் பீச் பிசினைவிட இரு மடங்கு விலை. “தாவரக் கொலாஜென், சருமம் மின்னும்” என்றார் கடைக்காரர். பீச் பருப்பும் சாப்பிடச் சொன்னார். வாங்கலாமா?

பதில்: பிசினை வாங்கலாம், ஆனால் கொலாஜெனுக்காக வேண்டாம். கொலாஜென் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் புரதம். எந்த மரமும் அதைக் கசியவிடாது. பீச் பிசினில் இருப்பது பெரும்பாலும் நார்ச்சத்துதான், நம் பாதாம் பிசினைப் போல. பாதாமும் பீச்சும் ஒரே பேரினத்து மரங்கள்.

மலைப் பீச் வட சீனாவின் மலைச்சரிவுகளில் 10 மீட்டர் வரை வளரும். குளிரையும் வறட்சியையும் தாங்கும். பழம்தான் சுகமில்லை: சின்னது, சதை வறண்டு கிடக்கும். அதனால் அங்குள்ளவர்கள் மரத்தின் மற்ற பாகங்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். நல்ல பீச் ரகங்களை ஒட்டுக்கட்ட இதுதான் வேர்ச்செடி. உருண்டைக் கொட்டைகளைக் கோத்து மணிமாலை செய்கிறார்கள். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு மருந்துக்கு. அடிமரத்தில் காயம்பட்ட இடத்தில் கசிந்து இறுகுவதுதான் உங்கள் பிசின். தோட்டத்துப் பீச் மரத்திலும் இதே பிசின் வரும். கட்டியைப் பார்த்து எந்த மரத்துடையது என்று நீங்களோ நானோ சொல்லிவிட முடியாது. ‘காட்டு’ என்ற ஒரு சொல்லுக்கு ஏன் இரு மடங்கு கொடுக்க வேண்டும்?

நன்றாகக் காய்ந்து, பூஞ்சை வாடையில்லாமல், பட்டைத் துணுக்கு குறைவாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் பல மடங்கு உப்பும். கறுப்புத் துணுக்குகளைப் பொறுக்கிவிட்டு, கல்கண்டும் உலர்ந்த சிவப்பு இலந்தையும் சேர்த்துக் கொதிக்க வைப்பது சீனர் வழக்கம். ஒரு சின்னக் கிண்ணம் போதும், அதிகமானால் வயிறு உப்பிவிடும். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

பருப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அதிலுள்ள அமிக்டலின் என்ற பொருள் வயிற்றுக்குள் சயனைடு நஞ்சாக மாறும். சீன வைத்தியர்கள் அதை நோயாளியைப் பார்த்து, அளந்து கொடுக்கும் மருந்தாகத்தான் வைத்திருக்கிறார்கள். முந்திரி மாதிரி கொறிக்க வாங்கவே கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் டப்பாவில் போட்டு வைக்கவும் கூடாது.

அப்புறம், ஜிகர்தண்டாவில் வருகிற அந்த வழவழப்புதான் பிடிக்கும் என்றால், லிட்டில் இந்தியா மளிகைக்கடையில் பாதாம் பிசின் கேளுங்கள்.