காலையில் மட்டும் உதறும் டீசல் என்ஜின்: இன்ஜெக்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஆறு மாதங்களுக்கு முன், காமன் ரெயில் என்ஜின் (உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டர்களுக்கும் அனுப்பும் வகை) கொண்ட பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கினேன். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால், முதல் இரண்டு நிமிடங்களுக்கு மிஸ்ஸிங் அடித்து என்ஜின் உதறுகிறது. வெள்ளைப் புகையும் வருகிறது. சூடானபின் எந்தக் குறையும் இல்லை. நான்கு இன்ஜெக்டர்களையும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகங்கள்) மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைக் காட்டும் சோதனை எதையும் அவர் செய்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

டீசல் என்ஜினில் பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் எரிபொருள் பற்றிக்கொள்கிறது. குளிர்ந்த என்ஜினில் அந்தச் சூட்டின் ஒரு பகுதியைச் சிலிண்டர் சுவரே உறிஞ்சிவிடுவதால், சற்றே பலவீனமான சிலிண்டர் எரியத் தவறுகிறது. எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறுகிறது. புகையில் கண்ணை உறுத்தும் டீசல் நெடி இருந்தால் உங்கள் வண்டியிலும் இதுவே நடக்கிறது. இனிப்பு வாடை அடித்து, கூலன்ட் அளவும் குறைந்துவந்தால் கோளாறு வேறு. அதைச் சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்.

என் முதல் சந்தேகம் க்ளோ பிளக் (குளிர்ந்த சிலிண்டரைச் சூடேற்றும் மின் பிளக்) மீதுதான். ஸ்டார்ட் ஆவதோடு அதன் வேலை முடிந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பல என்ஜின்களில் அது அதன் பிறகும் சிறிது நேரம் சூடேற்றிக்கொண்டிருக்கும். நான்கில் ஒன்று செத்துப்போனாலும் மற்ற மூன்றின் பலத்தில் என்ஜின் ஓடத் தொடங்கி, நான்காவது சூடாகும்வரை உதறும். இணைப்பைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மறுமுனையை என்ஜின் உடலிலும் வைத்தால், நல்ல பிளக் ஏறத்தாழ 1 ஓம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். செத்த பிளக் சுற்று அறுந்ததாகக் காட்டும். நான்கும் நன்றாக இருந்தால், சாவியைத் திருப்பும்போது பிளக்குக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டாஷ்போர்டு விளக்கு எரிந்து அணைவது ரிலே (பிளக்குக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல. பழைய பிளக்குகள் கழற்றும்போது முறிந்து உள்ளேயே சிக்கிக்கொள்வதுண்டு என்பதால், அப்படி நேர்ந்தால் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எரிபொருள் குழாயில் காற்று நுழைவது. ஃபில்டர் மேல் ஹேண்ட் பம்ப் இருந்தால், ஒருநாள் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அது கெட்டியாகும்வரை அழுத்திப் பாருங்கள். அன்று மட்டும் உதறல் இல்லையென்றால் இரவில் டீசல் டேங்கிற்குத் திரும்பி வடிகிறது என்று பொருள்.

பழைய வகை பம்ப் உள்ள என்ஜின்களில் இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, உதறல் மாறாத சிலிண்டரைக் கண்டுபிடிப்பார்கள். உங்களுடையதில் அதை யாரும் செய்யக் கூடாது. 1,000 பாரையும் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு) தாண்டக்கூடிய அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும். அதற்கு மாறாக, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டரின் திருத்த அளவையும் (என்ஜின் சீராக ஓட, கணினி அதற்குக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் டீசல்) பார்க்கலாம். இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பிவரும் டீசலைத் தனித்தனிக் குப்பிகளில் பிடித்தும் ஒப்பிடலாம். ஒன்றில் மட்டும் வெகுவாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் கம்ப்ரஷனை (சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவை) பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அது குறைந்த சிலிண்டரில் புது இன்ஜெக்டரும் உதறத்தான் செய்யும்.

உதறலை நேரில் பார்க்க என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் ஓட்டிச்சென்று நிறுத்தும் வண்டியில் மெக்கானிக்கால் அதைப் பார்க்க முடியாது. ஆகவே முந்தைய மாலையே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, மறுநாள் முதல் ஸ்டார்ட்டை உங்கள் எதிரில் செய்யச் சொல்லுங்கள். (வாங்கப் போன அன்று என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததா என்றும் நினைத்துப் பாருங்கள், விற்பவர்கள் அப்படிச் செய்வது புதிதல்ல.) சிலிண்டர் வாரியாக அளவுகளை எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரவும் கேளுங்கள். இன்ஜெக்டர்தான் என்று உறுதியானால், அதன் குறியீட்டு எண்ணை என்ஜின் கணினியில் பதிவு செய்யும் கட்டணமும் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.