மலட்டுக் கோவேறு கழுதைக்கும் பருவம் வருமா?

கேள்வி: என்னிடம் ஒரு பெண் கோவேறு கழுதையும், காயடிக்காத நான்கு வயது ஆண் ஒன்றும் உள்ளன. பகல் நீளும் மாதங்களில் பெண் அடிக்கடி வாலைத் தூக்கிச் சிறுநீர் விடுகிறது. பாரம் ஏற்றப் போனால் உதைக்கிறது. ஆண் கயிற்றை அறுத்துக்கொண்டு அதன் பின்னால் ஓடுகிறது. இரண்டும் மலடுதானே, ஏன் இப்படி?

பதில்: மலடு என்பது கருவணுக்களில் உள்ள குறை, ஹார்மோனில் அல்ல. குதிரைக்கு 64 குரோமோசோம் (செல்லில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள்), கழுதைக்கு 62. இவற்றுக்குப் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அந்தக் குரோமோசோம்கள் சரியாக ஜோடி சேர முடியாததால் சினைமுட்டையும் விந்தணுவும் ஒழுங்காக உருவாவதில்லை. ஆனால் விரையில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் வேறு. அவை குறையின்றி வேலை செய்கின்றன. அதனால்தான் உங்கள் ஆண் பொலிகுதிரையைப் போலவே நடந்துகொள்கிறது.

உங்கள் பெண் காட்டுபவை சினைப்பருவக் குறிகள். அந்தப் பருவத்தை நடத்துவது வெளிச்சம். இருட்டில் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. இரவு குறுகினால் அது சுரக்கும் நேரமும் குறைகிறது; சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்கள் விழித்துக்கொள்கின்றன. குதிரைக்குச் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும், கழுதைக்கு இரண்டொரு நாள் கூடும். கோவேறு கழுதையிடம் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒழுங்காக இருப்பதில்லை. எனவே குறிகள் தெரியும் நாள்களை நாட்காட்டியில் குறித்துவைத்து, அந்த நாள்களில் பாரத்தைக் குறையுங்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள், அது பிடிவாதம் அல்ல. குறிகள் ஆண்டு முழுதும் விடாமல் இருந்தாலோ, சிறுநீர் விடும்போது முக்கினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அது சிறுநீர்ப்பாதைக் கோளாறாக இருக்கலாம்.

ஆணைக் கால்நடை மருத்துவரைக் கொண்டு காயடித்துவிடுங்கள். அதனால் நீங்கள் இழப்பது எதுவுமில்லை. இளவயதிலேயே செய்திருக்க வேண்டும். நான்கு வயதில் பழகிப்போன குணம் சற்று மிச்சமிருக்கலாம். அடங்கச் சில வாரங்கள் ஆகும், அதுவரை தனியே கட்டுங்கள்.

ஹார்மோன் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதானால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். உதாரணமாக, கார்ட்டிசால் என்னும் மனஅழுத்த ஹார்மோன் காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருக்கும். காலை அளவையும் மாலை அளவையும் ஒப்பிட்டால் இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும்.

கொட்டிலில் இரவு வெகுநேரம் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். குதிரை வளர்ப்போர் குளிர்காலத்தில் நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் கொடுத்துப் பருவத்தை வேண்டுமென்றே முன்கூட்டி வரவைக்கிறார்கள். உங்களுக்கு அது தேவையில்லை, இருட்டியதும் அணைத்துவிடுங்கள்.