துவர்க்காத ஒயின் வேண்டுமா?

கேள்வி: வேலைக்காக ஃபிராங்க்பர்ட் வந்து ஒரு வருடம் ஆகிறது. அலுவலக விருந்தில் முதன்முறையாகச் சிவப்பு ஒயின் குடித்தேன். ஒரே துவர்ப்பு, வாயே வறண்டுவிட்டது. இனிப்பான ஒயினும் உண்டு என்கிறார்கள். கடைக்குப் போனால் அலமாரி நிறையப் பாட்டில்கள், லேபிளில் ஒன்றும் புரியவில்லை. எதில் தொடங்கலாம்? – ஒரு வாசகி

பதில்: உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோடும் கொட்டையோடும் சேர்த்தே புளிக்க வைப்பார்கள். அவற்றிலிருந்து இறங்கும் டானின்தான் வாயை இழுத்துப் பிடிக்கிறது. பால் விடாத கடுந்தேநீர் துவர்ப்பதும் இந்த வகைப் பொருளால்தான். வெள்ளை ஒயினுக்கு முதலில் சாற்றைப் பிழிந்து, தோலை ஒதுக்கிவிடுவதால் அந்தத் தொல்லை மிகக் குறைவு. எனவே வெள்ளையிலேயே தொடங்குங்கள்.

அதற்கு உங்களைவிட நல்ல இடத்தில் யாரும் இருக்க முடியாது. மேற்கே கொஞ்ச தூரத்தில் மோசல் ஆறு ஓடுகிறது. அதன் செங்குத்தான ஸ்லேட் பாறைச் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங் திராட்சையில் செய்த 'கபினெட்' ஒயின்தான் என் முதல் சிபாரிசு. இனிப்போடு நல்ல புளிப்பும் இருப்பதால் திகட்டாது. தொடங்குபவர்கள் இனிப்பை மட்டும் தேடுகிறார்கள். புளிப்பையும் சேர்த்துத் தேட வேண்டும். வெறும் இனிப்பாக இருக்கும் மலிவு ஒயின் இரண்டாவது மிடறிலேயே சலித்துவிடும்.

லேபிளில் ஒரு சிக்கல் உண்டு. கபினெட், ஸ்பேட்லேசே, அவுஸ்லேசே என்பவை பறிக்கும்போது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதைச் சொல்பவை. பாட்டிலில் உள்ளது இனிக்குமா என்பதை அவை உறுதியாகச் சொல்லாது. கூடவே 'ட்ரோக்கன்' என்று போட்டிருந்தால் இனிப்பே தெரியாது, அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். ஒன்றும் போடவில்லையா? பொடி எழுத்தில் இருக்கும் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹால் ஆக்குகிறது. பாதியில் நிறுத்தினால் சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹால் குறையும். ஆக ரீஸ்லிங்கில் 7.5 முதல் 9 வரை இருந்தால் இனிக்கும். 12 என்றால் பெரும்பாலும் இனிக்காது. இந்தக் கணக்கு போர்ட் ஒயினுக்குப் பொருந்தாது. அதில் திராட்சைச் சாராயம் ஊற்றிப் புளிப்பதை நிறுத்துவதால் இனிப்பும் இருக்கும், ஆல்கஹாலும் 20 சதவீதத்தைத் தொடும்.

இன்னும் மென்மையாக வேண்டுமானால் இத்தாலியின் பியெமோன்தே பகுதியில் செய்யும் மொஸ்காட்டோ தாஸ்தி. ஆல்கஹால் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மெல்லிய குமிழ், பழுத்த திராட்சையின் மணம் அப்படியே மூக்கில் ஏறும். ஆனால் சர்க்கரை அதிகம்: 100 மில்லியில் சுமார் மூன்று தேக்கரண்டி வரை இருக்கலாம். நீரிழிவு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஐஸ்வைன், சோதேர்ன் போன்ற மிக இனிப்பான ஒயின்களை இப்போதைக்கு விட்டுவிடலாம்; விலையும் அதிகம், தேன்போல் கனமாகவும் இருக்கும்.

எதை வாங்கினாலும் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிட்டுக் குடியுங்கள். சூடேறினால் இனிப்பு மட்டுமே தூக்கலாகத் தெரியும். அப்புறம், நம் மிளகுக் கோழி வறுவலோடு அந்த கபினெட்டைக் குடித்துப் பாருங்கள். ஆல்கஹாலும் டானினும் கூடிய ஒயின் காரத்தை இன்னும் எரிய வைக்கும், இது தணிக்கும்.

ஒன்றை மட்டும் அக்கறையோடு சொல்கிறேன். இனிப்பு ஆல்கஹாலை மறைப்பதால் கோப்பை சீக்கிரம் காலியாகும். வெறும் வயிற்றில் வேண்டாம், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். கருவுற்றிருந்தாலோ, மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ வேண்டவே வேண்டாம். குடித்துவிட்டு வண்டியும் எடுக்காதீர்கள். ஜெர்மனியில் புதிதாக உரிமம் பெற்றவர்கள் தகுதிகாண் காலம் முடியும்வரை ஒரு துளிகூடக் குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பது சட்டம். மிச்சம் இருந்தால் மூடிக் குளிரில் வையுங்கள். ரீஸ்லிங் மூன்று நான்கு நாள் தாங்கும், மொஸ்காட்டோவின் குமிழ் மறுநாளே அடங்கத் தொடங்கும்.