கையெழுத்துப் போடாத நகைக்காரி: பத்தரிடம் கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் என் நகைப் பட்டறைச் சுவரில் ஒரு வளையல் படம் ஒட்டியிருக்கிறேன். சாம்பல் நீலத்தில் தடித்த கல், அதன் நடுவே நீலக்கல்லும் வைரமும். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்த வளையலை வரைந்தவர் சூசான் பெல்பெரோன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தையற்கடை அக்கா: யார் இந்த அம்மா? நகைக்கடைகளில் இந்தப் பெயரையே கேட்டதில்லையே, பத்தரே?

பாரிஸிலேயே ரொம்ப காலம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், அக்கா. 1900-இல் ஜூரா மலைப்பக்கம் சேன் குளோட் என்ற ஊரில் பிறந்தார். கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர்கள் நிறைந்த ஊர் அது. பெசான்சோனில் கலை படித்துவிட்டு 1919-இல் பாரிஸில் புவாவேன் நகை நிறுவனத்தில் சேர்ந்தார். அதை நடத்தியவரும் ஒரு பெண்தான், நிறுவனரின் விதவை. 1924-லேயே பெல்பெரோனை இணை இயக்குநர் ஆக்கிவிட்டார். ஆனால் வரைந்ததெல்லாம் புவாவேன் பெயரில்தான் வெளியே போனது. 1932-இல் விலகிவிட்டார்.

ஆறாம் படிவ மாணவி: அப்படி என்ன புதுமை செய்தார், அங்கிள்?

அந்தக் காலத்துப் பாரிஸ் நகையைப் பாரும்மா. பிளாட்டினம், வைரம், அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேர்க்கோடுகள். இவர் உருண்டையாக, தடிமனாக, அலை சுருண்டது போல வரைந்தார். வைரத்துக்குக் கூடு கட்டுவதுதான் தங்கத்தின் வேலை என்று எல்லாரும் இருந்தபோது, மோதிரம் முழுவதையுமே ஒரே கல்லில் செதுக்க வைத்தார்.

அதுவும் என்ன கல்? ஸ்படிகம். நம் சாமி அறையில் மாலையாகக் கோத்துத் தொங்குகிறதே, அதேதான். பிறகு புகைநிற ஸ்படிகம், என் சுவர்ப் படத்தில் இருக்கிற சாம்பல் நீலக் கல்லான கால்சிடோனி. விலை உயர்ந்த கல் என்று யாரும் மதிக்காதவை. அவற்றைக் குடைந்து உள்ளே நீலத்தையும் வைரத்தையும் பதித்தார்கள். எளிதான வேலை என்று நினைக்காதே. ஸ்படிகம் கடினம்தான், ஆனால் நொறுங்கும். துளை போடும்போது சூடேறினால் விரிசல் விட்டுவிடும். தண்ணீர் விட்டுக்கொண்டே மெல்ல மெல்லத் தேய்க்க வேண்டும். தங்கத்தில் தப்பு நடந்தால் உருக்கிவிடலாம். கல்லில் தப்பினால் குப்பைதான். வரைந்தவரைப் போலவே, அதைச் செதுக்கிய பட்டறைக்காரர்களுக்கும் நான் கும்பிடு போடுவேன்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி: வெள்ளைக்காரர்கள் 18 காரட்தானே போடுவார்கள்?

பெரும்பாலும் அப்படித்தான் ஐயா, 750 முத்திரை, அதாவது ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். இவர் 22 காரட்டையும் எடுத்தார், நம் 916-க்குச் சமம். சுத்தியல் தடம் தெரியும்படி, மெருகு ஏற்றாமல் விட்டார். பழைய காலத்துப் புதையல் நகை போல் இருக்கும். நான் அப்படி ஒரு வளையல் செய்து கொடுத்தால் ‘பாலிஷ் போட மறந்துட்டீங்களா’ என்றுதான் கேட்பீர்கள்.

பள்ளி ஆசிரியை: ஏன் தன் பெயரைப் போடவில்லை?

‘என் பாணியே என் கையெழுத்து’ என்று சொல்லிவிட்டார், டீச்சர். திமிர்தான், ஆனால் வேலை தெரிந்தவரின் திமிர். கடையில் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி விற்றவரும் இல்லை. வருகிறவரின் விரல், கை, முகவாகு, தோல் நிறம் எல்லாம் பார்த்துத்தான் வரைவார்.

ஒரு பெயர் மட்டும் அவர் வாழ்க்கையில் பெரிய விஷயமானது. 1930-களில் பெர்னார் ஹெர்ஸ் என்ற கல் வியாபாரியோடு சேர்ந்து வேலை செய்தார். ஹெர்ஸ் யூதர். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்ததும் நிறுவனத்தைக் காப்பாற்ற அதைப் பெல்பெரோன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். 1942-இல் இருவரையும் பிடித்துக்கொண்டு போனபோது, ஹெர்ஸின் முகவரிப் புத்தகத்தாள்களைக் கிழித்து வாயில் போட்டு விழுங்கினார் என்று சொல்கிறார்கள். இவர் விடுபட்டார். ஹெர்ஸ் 1943-இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் இறந்தார். நம் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஆட்களைச் சயாம் ரயில்பாதை போட ஏற்றிக்கொண்டு போன அதே காலம். போர்க்கைதியாக இருந்த ஹெர்ஸின் மகன் திரும்பி வந்ததும் பாதிப் பங்கை அவரிடம் கொடுத்து, இருவர் பெயரிலும் 1970-களின் நடுப்பகுதி வரை கடையை நடத்தினார்.

அடகுக்கடைத் தம்பி: முத்திரை இல்லாத நகையை அவருடையது என்று எப்படிச் சொல்வது?

நல்ல கேள்வி தம்பி, உன் தொழில் புத்தி. 1983-இல் அவர் இறந்தபின் பெயர் மங்கியது. 1987-இல் ஜெனீவாவில் வின்ட்சர் சீமாட்டியின், அதாவது அரியணையைத் துறந்த இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்டின் மனைவியின், நகைகள் ஏலத்துக்கு வந்தன. என் சுவர்ப் படத்தில் இருக்கும் வளையல் அந்தச் சீமாட்டியிடம் இருந்ததுதான். அந்த ஏலத்தில்கூடச் சில நகைகளைப் பெல்பெரோனுடையவை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு 2007 வாக்கில் பெல்பெரோனின் பதிவேடுகள் பாரிஸில் ஒரு வீட்டிலிருந்து வெளிவந்தன. யாருக்கு, எப்போது, என்ன நகை என்று ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அதன்பின் விலையும் ஏறியது.

இதனால்தான் எனக்கு வயிற்றெரிச்சல். லயத்து வீடுகளில் பாட்டிமார் கழுத்தில் கிடந்த அட்டிகையும் காதில் தொங்கிய தண்டட்டியும் யார் செய்தவை? ஒரு தாள் கிடையாது. எடை போட்டார்கள், உருக்கினார்கள், தீபாவளிக்குப் புதுச் சங்கிலி வாங்கினார்கள். அதில் என் கையாலேயே உருக்கியதும் உண்டு. இப்போது பழைய நகை எது வந்தாலும் படம் எடுத்து, எடையும் ஊரும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுப்பில் வைக்கிறேன்.

மருமகளுக்கு நகை தேடும் அம்மா: அந்த மாதிரி ஒரு ஜோடி கம்மல் செய்து தருவீர்களா?

கல்லைச் செதுக்குவது என்னால் ஆகாது, அம்மா. 916-இல் சுத்தியல் தடத்தோடு செய்யலாம். 22 காரட் மெத்தென்று இருக்கும். தகடு மெலிந்தால் நசுங்கிவிடும், ஆகவே எடை கொஞ்சம் கூடும். மருமகளையே கூட்டிக்கொண்டு வாருங்கள், காதைப் பார்த்துத்தான் வரைவேன். பாலிஷ் கேட்கக் கூடாது.